லைசரின் அலமாரி

மரத் தெப்பங்கள் வந்து ஒதுங்கும் ஓர் ஆற்றங்கரை ஊரில் யூதர்களுக்கு ஒரு நூலகம் இருந்தது. ஜெப ஆலயத்தின் மாடியில் இரண்டே அறைகள். அதைப் பார்த்துக்கொண்டவர் மதகுருவான ரப்பி அஸ்ரியேல். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஹனோக்குக்கோ தாடி முழுக்க நரைத்திருந்தது. வெளியூர்ச் சுங்கச்சாவடியில் வண்டிகளைச் சோதித்தே காலம் கழித்தவர். வைக்கோலைப் பார்த்தால் அதற்கடியில் என்ன இருக்கிறது என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும்.

நூல்களைப் பிரித்து அடுக்கும் முறையை ரப்பி அவருக்குக் கற்றுக்கொடுத்தார். முதலில் வேதமான தோரா. அதையடுத்து உரைகள். பிறகு பழைய ரப்பிகளின் விவாதங்களான தால்முத், சட்ட நூல்கள். ஜனங்கள் கேட்ட சந்தேகங்களுக்கு முன்காலத்து ரப்பிகள் எழுதிய பதில்களுக்குத் தனிச் சுவர். அதற்குள் திருமணம், உணவு, வியாபாரம் என்று பிரிவுகள்.

ஒருநாள் ஹனோக் கேட்டார். "கெட்டவன் ஒருவனுடைய புத்தகம் வந்தால் எங்கே வைப்பது?"

"புத்தகம் எதைப் பற்றியது?"

"நான் ஆளைப் பற்றிக் கேட்கிறேன்."

ரப்பி அடுத்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

அறுவடை முடிந்த சமயம், சோசியா என்ற பெண் ஒரு வண்டி நிறையப் புத்தகங்களோடு வந்தாள். அவள் கணவன் லைசர் அப்போதுதான் இறந்திருந்தான். அவனுக்காகப் பிரார்த்தனை சொல்ல, முறைப்படி தேவையான பத்து ஆண்கள்கூட ஊரில் சேரவில்லை. முன்பொரு வருடம் சிப்பாய்கள் வந்து சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வீடுகளை அடையாளம் காட்டியவன் லைசர்தான் என்று பேச்சு. யாரும் கண்ணால் பார்க்கவில்லை. யாரும் மறக்கவும் இல்லை.

ரப்பி சோசியாவை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அவள் போனதும் ஹனோக் கேட்டார்.

"இதையெல்லாம் வாங்கலாமா?"

"வாங்கியாகிவிட்டது. அடுக்குங்கள்."

ஹனோக் அடுக்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறினார். அட்டையை நகத்தால் நெம்பிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. விழாததே அவருக்குச் சரியாகப் படவில்லை. சில புத்தகங்களில் முதல் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. சொந்தக்காரர்கள் பெயர் எழுதிவைக்கும் தாள். பிடிபட்டவர்களின் வீடுகளில் கிடந்தவையோ? யார் கண்டது?

எல்லாவற்றையும் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் போட்டுப் பூட்டினார். மேலே ஒரு சீட்டை ஒட்டினார்: 'லைசர்.'

ரப்பி அதைப் பார்த்தார்.

"இதற்குள் என்ன?"

"லைசர்."

"அது எதைப் பற்றிய பிரிவு?"

"துரோகம்."

ரப்பி சாவியைக் கேட்கவில்லை.

குளிர் தொடங்கியபோது, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று ரப்பி வெளியூர் போனார். பனி பாதையை மூடிவிட்டது. அவர் அங்கேயே தங்கும்படி ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் மில்கா வந்தாள்.

அவள் கணவன் தெப்பக்காரன். ஆற்றில் தவறி விழுந்து பனிக்கட்டிக்கு அடியில் போய்விட்டான். அவன் தம்பி கரையிலிருந்து பார்த்தான். உடல் கிடைக்கவில்லை. அதனால் யூதச் சட்டப்படி அவள் இன்னும் மனைவி. வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது.

ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் முதியவர் கெட்சல் இளகிய மனசுக்காரர். இதே மாதிரி இறந்த ஒருவனின் மனைவிக்கு, மறுமணம் செய்துகொள்ள முன்பு ஒரு ரப்பி அனுமதி எழுதியதாக அவருக்கு ஞாபகம். "அந்தப் பதிலைக் கண்ணால் பார்த்துவிட்டால் உன்னை விடுவித்துவிடுவேன் அம்மா. பார்க்காமல் என்னால் முடியாது" என்று சொல்லியிருந்தார்.

ஹனோக் திருமணப் பிரிவில் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துத் தேடினார். தண்ணீரில் இறந்தவர்களைப் பற்றிய பதில்கள் அங்கே இல்லை. திரும்பி மில்காவைப் பார்த்தார். பீப்பாய் செய்யும் யோனா அவளைப் பெண் கேட்டிருக்கிறான் என்று சந்தையில் பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"எதற்கு இத்தனை அவசரம்?"

"அவசரமா? இது மூன்றாவது குளிர்காலம், ஐயா."

"உங்கள் கொழுந்தன் நிஜமாகவே பார்த்தானா? இல்லை, உங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறானா?"

மில்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "புத்தகம் இருக்கிறதா, இல்லையா?"

"இல்லை."

அவள் படியிறங்கி, அலமாரியைக் கடந்து தெருவுக்குப் போனாள்.

பனி உருகியதும் ரப்பி திரும்பினார். வழியிலேயே கெட்சல் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். சேறு படிந்த காலணியைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்தார்.

"மில்காவிடம் என்ன சொன்னீர்கள்?"

"இல்லை என்றேன். பிரிவு முழுக்கத் தேடினேன்."

"கீழே தேடினீர்களா?"

"கீழே இருப்பது லைசர்."

சொல்லி முடிப்பதற்குள் ஹனோக்கின் முகம் மாறிவிட்டது.

புத்தகம் அங்கேதான் இருந்தது. எலி கடித்த அட்டை, கிழிக்கப்பட்ட முதல் தாள். உள்ளே எழுத்து சேதமில்லாமல் இருந்தது.

"கொண்டுபோய்க் கொடுங்கள்" என்றார் ரப்பி. "நீங்களே போங்கள்."

கெட்சல் நின்றபடியே படித்தார். அன்று மதியமே மில்காவை விடுவித்துத் தீர்ப்பு எழுதினார். செய்தியைச் சொல்ல ஹனோக்தான் போனார். மில்கா முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"யோனா ஊரைவிட்டுப் போய்விட்டான்" என்றாள். "போன இடத்தில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டானாம்."

ஹனோக் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"புத்தகம் எங்கே இருந்தது?"

"எங்களிடம்தான் இருந்தது."

அவள் அடுத்த கட்டையை நிறுத்திவைத்துக் கோடரியை ஓங்கினாள்.

ஹனோக் புத்தகத்தோடு திரும்பி வந்து ரப்பியின் எதிரே உட்கார்ந்தார்.

"நான் பூட்டியதைப் பார்த்தீர்கள். ஏன் தடுக்கவில்லை?"

"பூட்டியிருந்தது எனக்கும் வசதியாக இருந்தது."

"உங்களுக்கா?"

"சிப்பாய்கள் கொண்டுபோனவர்களில் என் அண்ணனும் ஒருவன்."

ஹனோக் அதுவரை அதை அறிந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "அப்படியானால் லைசர்தானா?"

"தெரியாது. சந்தேகப்படுகிறேன். உங்களைவிட அதிகமாக."

"இது உங்கள் வீட்டுப் புத்தகமாகக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம்."

"இருந்துமா அந்தப் பெண்ணுக்குத் தேநீர் கொடுத்தீர்கள்?"

"மனம் ஒப்பவில்லை. கொடுத்தேன்."

ஹனோக் புத்தகத்தை மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினார்.

"பிறகு இதை நான் எங்கே வைப்பது?"

ரப்பி அதைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினார்.

"அடுத்த மில்கா வந்தால் எங்கே தேடுவீர்களோ, அங்கே."