எஸ்கிசித்தோ என்றால் என்ன

போர்த்துகீசியர் கோட்டை கட்டி ஆண்ட ஒரு கடற்கரை ஊரில் சந்தியாகு அண்ணாவியார் லத்தீன் கற்பித்துவந்தார். அவருடைய சீடர் தொம்மை, குருவைவிட வயதில் மூத்தவர். கோட்டையில் துபாசி வேலை. ஒருவர் பேச்சை மற்றவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வார்.

ஒருநாள் அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அண்ணாவியாரே, மத்தலேனாளைத் தூக்கில் போடப் போகிறார்கள்.”

மத்தலேனாள் கோட்டைச் சமையல்காரி. முந்தின நாள் ஸ்பானியக் கப்பல் தலைவர் ஒருவர் விருந்துக்கு வந்திருந்தார். அவள் வைத்த மீன்குழம்பை வாயில் வைத்ததும், “எஸ்கிசித்தோ!” என்று சத்தமாகச் சொன்னார். சாயங்காலம் காய்ச்சல் கண்டு நினைவு தப்பி விழுந்தார்.

“அந்தச் சொல்லுக்குப் போர்த்துகீசியத்தில் விசித்திரமானது என்று பொருள். குழம்பு விசித்திரமாக ருசித்திருக்கிறது, அப்படியானால் விஷம்தான் என்கிறார் கோட்டைத் தளபதி.”

“ஸ்பானிய மொழியில்?”

“வெகு ருசியானது என்று பொருள். எடுத்துச் சொன்னேன். ஊர்க்காரியைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாயா என்று சீறுகிறார்.”

“அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு கப்பல்காரர் என்ன செய்தார்?”

தொம்மை யோசித்தார். “தட்டை நீட்டினார். மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டார்.”

“வாரும், போகலாம்.”

கோட்டை முற்றத்தில் மத்தலேனாள் கைகள் கட்டப்பட்டு நின்றாள். பக்கத்தில், சாட்சிப் பொருளாக, மிச்சக் குழம்போடு சட்டி. அண்ணாவியார் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சட்டியை எடுத்துத் தொம்மையிடம் நீட்டினார்.

“உம்முடைய மொழிபெயர்ப்பு சரிதானே?”

“சரிதான்.”

“சாப்பிடும்.”

தொம்மை சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வீட்டில் இருக்கும் மனைவி நினைவுக்கு வந்தாள்.

மத்தலேனாள் மெல்லச் சொன்னாள்: “பயப்படாதீங்க அண்ணே. உப்பு கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான்.”

தொம்மை சாப்பிட்டார். சட்டியை வழித்து முடித்தார். தளபதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தது. தொம்மைக்கு ஏப்பம் வந்தது, வேறொன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை கப்பல் தலைவரின் காய்ச்சல் இறங்கியது. கண் விழித்ததும், “அந்தக் குழம்பு மிச்சம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

தளபதியே வந்து மத்தலேனாளின் கட்டை அவிழ்த்தார். கோட்டை வாசலில் காத்திருந்த பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்கள் தொம்மையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். இரண்டு கடலோடிகள் பறை அடித்தார்கள். பாதிரியார் கோயில் மணியை அடிக்கச் சொன்னார்.

ஆரவாரம் அடங்கியபின் தொம்மை குருவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணாவியாரே, அந்தச் சொல்லின் தாய் லத்தீன்தானே? அங்கே அதற்கு என்ன பொருள்?”

“தேடி எடுத்தது.”

“நல்லது என்றோ விசித்திரமானது என்றோ இல்லையா?”

“இல்லை.”

“பிறகு எப்படி இரண்டு பிள்ளைகளும் இப்படிப் பிரிந்தார்கள்?”

அண்ணாவியார் சிரித்தார்.

“எங்கோ தேடி எடுத்த ஒன்றைக் கொண்டுவந்து இருவர் முன்னால் வைத்தார்கள். ஒருவன் கையை நீட்டினான். இன்னொருவன் கையை இழுத்துக்கொண்டான்.”