தண்ணி நடந்து வர்ற நேரம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பேக்கரிக்கு மேல மாடியில சாஃப்ட்வேர் ஆபீஸ் ஒண்ணு. அங்க குருவுக்கு முப்பது வயசு, பேரு பர்வீன். சிஷ்யருக்கு நாப்பத்தேழு, பேரு திருமலைசாமி. ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா விசில் ஊதிட்டு இருந்தவரு. முட்டி தேஞ்சு போச்சு, புரோகிராம் எழுதக் கத்துக்கிறேன்னு வந்து உக்காந்துட்டாரு. லேப்டாப் வாங்கிக் குடுத்தது அவரு சம்சாரம். அந்தம்மா தைக்கிற ஜாக்கெட்டுக்கு உடுமலையில இருந்தெல்லாம் ஆளு வரும். அதைப் பேச ஆரம்பிச்சா பொழுது போயிரும், விடுங்க.

பாசன சங்கத்துல இருந்து ஒரு வேலை வந்துச்சு. வாய்க்கால்ல யாரு தோட்டத்துக்கு எப்போ முறைத் தண்ணின்னு கணக்குப் போட்டு, மதகு திறந்து மூடுற லஸ்கர் போனுக்குச் சொல்லணும். திருமலைசாமி ஏஐகிட்ட கேட்டாரு. அது மளமளன்னு எழுதிக் குடுத்துருச்சு.

"ஓடுது மேடம்! எல்லாம் பச்சை டிக்!"

"உள்ள என்ன எழுதியிருக்குங்கண்ணா?"

"ஓடுறப்ப எதுக்குங்க உள்ள பாக்கணும்? பஸ்ல போறவன் இஞ்சினைக் கழட்டியா பாக்கறான்?"

"நாளைக்குக் காலைல சோதனை. கடைமடைக்குப் போலாம். நல்ல செருப்புப் போட்டு வராதீங்க, சேறா இருக்கும்"னு சொல்லுச்சு பர்வீன்.

வாய்க்காலோட கடைசித் தோட்டம் மயிலாத்தாளோடது. மக்காச்சோளம் கதிர் வாங்குற சமயம். இலையெல்லாம் சுருண்டு கெடக்கு. இந்த முறை தவறுனா அம்புட்டும் மாட்டுக்குத்தான். அந்தம்மா மருமகன் வேற, போர் போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டுப் புல்லட் வாங்கிட்டுத் திரியறான். அது ஒரு தனி வயித்தெரிச்சல்.

காலைல மதகைத் திறந்தாங்க. தண்ணி காஞ்ச வாய்க்கால்ல வெடிப்பை எல்லாம் நனைச்சு, குப்பையைத் தள்ளிக்கிட்டு, மெதுவா வந்துச்சு. மயிலாத்தா தோட்டத்து வரப்பைத் தொடற நேரம் லஸ்கர் போன்ல 'மூடவும்'னு வந்துருச்சு.

மூடிட்டாரு.

"ஏந்தம்பி, இதுக்குப் பேரு முறையா?"ன்னாங்க மயிலாத்தா.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தாங்க்கா வருது"ன்னாரு திருமலைசாமி.

"அப்ப அதை வந்து நிக்கச் சொல்லு, என் காட்டுல."

திருமலைசாமி கரைமேலயே லேப்டாப்பைத் திறந்து ஏஐகிட்ட கேட்டாரு. 'மன்னிக்கவும், நீங்கள் சொன்னது சரி'ன்னு மாத்திக் குடுத்துச்சு. இப்ப மேல் தோட்டத்துக்காரருக்கு முறையே காணோம். மறுபடி கேட்டாரு. மறுபடி மன்னிப்பு. இப்ப ரெண்டு தோட்டத்துக்கு ஒரே நேரம்.

மயிலாத்தா எட்டிப் பாத்தாங்க. "அது எத்தனை தடவை வேணாலும் மன்னிப்புக் கேக்கும் சாமி. என் சோளம் ஒருக்காதான் காயும்."

"மேடம், நீங்களே பாத்துச் சரி பண்ணிருங்க"ன்னாரு திருமலைசாமி.

பர்வீன் வேப்பமரத்தடியில உக்காந்து கடலை உரிச்சிட்டு இருந்துச்சு. "முதல் வரியில இருந்து படிங்கண்ணா. நான் எங்கயும் போகலை."

படிச்சாரு. வெயில் ஏறுச்சு. ஒவ்வொரு வரியா விரலை வெச்சு, 'நீ எதுக்கு இங்க நிக்கற'ன்னு பையங்களை வரிசையில விசாரிக்கற மாதிரி விசாரிச்சாரு. பாதிக்கு மேல ஒரு இடத்துல விரல் நின்னுருச்சு.

"அட கெரகமே! மதகு திறந்ததுமே மணி ஓட ஆரம்பிக்குது! தண்ணி நடந்து வர்ற நேரத்தையும் இந்தக்கா கணக்குலயே கழிச்சிருக்கு. ரிலேல குச்சி கைக்கு வந்தாத்தானே ஓட்டம்?" நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. "சின்னதுல எங்கப்பாகூட மம்பட்டியோட எத்தனை நாள் தண்ணிக்குக் காத்துக்கெடந்திருக்கேன். எனக்குத் தெரியும் மேடம் இது!"

பர்வீன் கடலைத் தோலைத் தட்டிவிட்டுச்சு. "தெரியும்னு எனக்கும் தெரியும்."

யாரையும் கேக்காம அவரே எழுதினாரு. தூரத்துக்குத் தக்கன நடை நேரம், அதுக்கப்புறம் முறை. மயிலாத்தாளைப் பக்கத்துல உக்கார வெச்சு வரி வரியா சொன்னாரு. அந்தம்மா விடலை.

"நடுவால கரை உடைஞ்சு தண்ணி சுணங்குனா?"

"லஸ்கர் சொன்னதும், இந்த வரி சுணங்குன நேரத்தைச் சேத்துக்கும்."

"மேல் தோட்டத்துக்காரன் வந்து அவன் பங்கைக் கேட்டா?"

"கூட்டிட்டு வாங்க, அவருக்கும் காட்டறேன். இந்த வரி அவரோடது. யாரு பங்கும் குறையலைங்க்கா."

இப்படி நிமிந்து உக்காந்து பேசறதைப் பாத்தா, ஸ்கூல்ல கப்பு வாங்கின டீமோட போட்டோவுல அவரு நிக்கற மாதிரியே இருந்துச்சு.

லஸ்கர் போன் மறுபடி அடிச்சுது. 'திறக்கவும்.' கொஞ்ச நேரம் கழிச்சுத் தண்ணி சலசலன்னு வரப்பைத் தாண்டிச் சோளத்துக்குள்ள போச்சு. மயிலாத்தா சேலையைத் தூக்கிச் செருகிட்டு மடை திருப்ப ஓடினாங்க.

சங்கத்துத் தலைவர் போன்ல வந்தாரு. கடைமடைக்கே தண்ணி வந்துருச்சாமே, மத்த வாய்க்காலுக்கும் இந்தப் புரோகிராமையே விடலாம்னாரு.

திருமலைசாமிக்கு நெஞ்சு விம்முச்சு. ஆனாலும் லேசா ஒரு பயம். "மேடம், விடறதுக்கு முன்னாடி ஒருக்கா ஏஐகிட்டயும் காட்டிரட்டுங்களா?"

"தாராளமா காட்டுங்கண்ணா"ன்னுச்சு பர்வீன். "அதுக்கு எங்காச்சும் புரியலைன்னா நீங்க சொல்லிக்குடுங்க."