சாணிவண்டு தரமாட்டேன் என்றது

ஒரு காட்டில் மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து "ங்ஙீ... ங்ஙீ..." என்று முனகல் கேட்டது. உருண்டை உருட்டிக்கொண்டிருந்த சாணிவண்டு, வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது.

ஒரு யானைக்குட்டி தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தது. பக்கத்தில் தாய் யானை. அருகிலிருந்த குட்டை வற்றிக்கொண்டிருந்ததால் யானைக் கூட்டம் முன்பே ஆற்றுக்குப் போய்விட்டது. குட்டி எழுந்தால்தான் தாயும் கிளம்ப முடியும்.

"எழுந்திரு கண்ணு. இன்னும் நாலு நாளைக்குத்தான் தண்ணீர்."

"எனக்கு எதுவும் பிடிக்கவில்லை அம்மா."

"கால் வலிக்கிறதா? யாராவது திட்டினார்களா?"

"இல்லை. சும்மாவே அழுகை வருகிறது."

மரத்திலிருந்து குரங்கு குதித்தது. "இந்தா ராஜா, பலாச்சுளை! இனிப்பு தின்றால் துக்கம் ஓடிப்போகும்!"

சுளை வாயில் இருக்கும்வரை குட்டி சிரித்தது. பிறகு வயிறு கடமுடா என்றது. மறுபடியும் அழுகை.

"ஏம்மா, பிள்ளை உங்கள் சாணத்தைத் தின்றதுண்டா?" என்று கேட்டது வண்டு.

குழந்தைகளே, மூக்கைப் பொத்தாதீர்கள். அது யானைக்குட்டிகளின் வழக்கம். நமக்கு வேண்டாம்.

"எங்கே தின்றான்? வாய் வைக்கப் போனபோது இந்தக் குரங்கு கைகொட்டிச் சிரித்தது. அன்றிலிருந்து தொடுவதில்லை. தழை தின்றாலும் செரிப்பதில்லை."

"ராஜா சாணி தின்பாரா? நீ போய் உருட்டு, சாணிப் பயலே!" என்றது குரங்கு.

வண்டு கோபப்படவில்லை. உருண்டையைக் குட்டியின் தும்பிக்கைக்கு எட்டும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, மேலே ஏறி நின்றது. "யாரும் தொடக்கூடாது! இது என்னுடையது!"

"அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டது குட்டி.

"ஒரு ஊரே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள், உன் அம்மா வயிற்றில் குடியிருந்தவை. தழையைச் செரிக்க வைக்கும். 'இங்கே எல்லாம் சுகம்' என்று தலைக்குச் சேதி அனுப்பும். உன் வயிறோ ஆளில்லாத வீடு. அங்கிருந்து நல்ல சேதி எப்படிப் போகும்? ஆனால் உனக்குத் தரமாட்டேன். நீதான் ராஜாவாயிற்றே!"

"ராஜா கேட்டால் தரவேண்டும்!" தும்பிக்கை நீண்டது. வண்டு சட்டென்று கீழே குதித்தது. உருண்டை வாய்க்குள் போய்விட்டது.

"ஐயே!" என்று குரங்கு உருண்டு உருண்டு சிரித்தது.

"நீ சிரி. எனக்கு அழுது அழுது அலுத்துவிட்டது" என்றது குட்டி.

அன்று ஒன்றும் மாறவில்லை. மறுநாளும் குட்டி கொஞ்சம் சாணம் தின்றது. குரங்கின் பலாவைத் தள்ளிவிட்டுத் தழை மென்றது. மூன்றாம் நாள் வயிறு சத்தம் போடவில்லை. மாலையில் அம்மாவின் வாலைப் பிடித்து இழுத்தது.

நாலாம் நாள் குட்டையில் சேறுதான் மிச்சம். குட்டி தானாகவே எழுந்து நின்றது.

"ஆறு எவ்வளவு தூரம் அம்மா?"

"தூரம்தான்."

"வழியில் அழுகை வந்தால்?"

"நின்று அழுதுவிட்டுப் போகலாம்."

இரண்டும் நடந்தன. தாய் யானை போன பாதையில் புதுச் சாணம் கிடந்தது. சாணிவண்டு அதில் கொஞ்சம் கிள்ளி, உருட்டத் தொடங்கியது.

நீதி: காரணம் தெரியாமல் மனம் வாடினால், வயிற்றையும் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும்.