பத்து வருஷத் துரு

ஆலை முதலாளி தணிகாசலத்தின் மோட்டார் சைக்கிள் நடுரோட்டில் நின்றுபோக, லாரி மோதி, அதை ஓட்டிவந்த அவருடைய காவலாளி செத்துப்போனான். "வண்டியில ஒரு குறையும் இல்லை, குடிச்சிட்டு ஓட்டினான்" என்று முதலாளி ஊரையே நம்பவைத்தார்.

மூன்று மாதம் கழித்து அதே வண்டியின் பெட்ரோல் டேங்கை மெக்கானிக் பட்டறைக்குக் கொண்டுவந்தார். செத்துப்போன காவலாளியின் மனைவி தெய்வானை அங்கேதான் வேலை பார்த்தாள்; அவளிடமே நீட்டினார்.

"சாயங்காலத்துக்குள்ள உள்ளே பளபளன்னு இருக்கணும்."

தெய்வானை டேங்குக்குள் நட்டுகளைப் போட்டு, புளித்தண்ணீர் ஊற்றிக் குலுக்கினாள். துரு செக்கச்செவேலென்று கொட்டியது.

"போன வாரம் பிடிச்ச துருதானே முதலாளி?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டாள்.

"போன வாரமா? பத்து வருஷத் துருடி! எந்த மெக்கானிக்காலும் எடுக்க முடியல."

பட்டறையே திரும்பிப் பார்த்தது.

"அப்போ அன்னைக்கு பெட்ரோல் வர்ற வழியைத் துரு அடைச்சுத்தான் வண்டி நின்னிருக்கு. பாவி நான், உங்க பேச்சை நம்பி, பொணத்தைக் கட்டி அழாம, குடிகாரன்னு திட்டினேனே!"