ரவுண்ட்ஸுக்கு எழுந்து நிற்பவர்

டாக்டர் ஆமினாவிடம் முதியோர் மருத்துவம் படிக்க வந்தவர்களில் குற்றாலிங்கம் சார் மட்டும்தான் அவரைவிட வயதில் மூத்தவர். சொந்த கிளினிக்கை மூடிவிட்டு ஐம்பத்திரண்டு வயதில் மாணவராக வந்து உட்கார்ந்தவர். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி. மனுஷன் படிக்கிற படிப்பைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல்.

வந்த வேகத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். வயதானவர்களின் கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதை வைத்தே, உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று மார்க் போடும் முறையை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். முன்பு அட்மிட் ஆனாரா, கீழே விழுந்தாரா, இளைத்தாரா, தானாக எழுந்து நிற்கிறாரா? கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லிவிடும். மார்க் கூடினால் தளர்ச்சி கூடுதல். வந்து குவியும் வயதானவர்களில் யாரை முதலில் கவனிப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய உதவி. பொய் சொல்லக் கூடாது, நிறையப் பேர் அதனால் பிழைத்தார்கள்.

சர்ஜரி வார்டில் இஸ்ரவேல் என்று ஒருவர் இருந்தார். உப்பளத்தில் வேலை பார்த்தவர். எழுபத்தொன்பது வயது, குடலில் கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன். தாங்குவாரா என்று எங்கள் பிரிவில் கேட்டிருந்தார்கள்.

குற்றாலிங்கம் சார் மார்க்கைக் காட்டினார். ஒன்று.

"தாங்குவார் மேடம். கையெழுத்துப் போட்டுடவா?"

"தாங்கலைன்னா?" என்றார் ஆமினா.

"படுத்த படுக்கைதான். அப்புறம் எழுந்திருக்க மாட்டார்."

"கட்டியை அப்படியே விட்டா?"

"அது ஆளை முடிச்சிடும். ஆனா இன்னும் அடைப்பு வரலை. கொஞ்சம் டைம் இருக்கு."

"அவரைப் பார்த்தீங்களா சார்?"

"தினமும் சர்ஜரி ரவுண்ட்ஸ்ல கூடப் போய்ப் பார்க்கிறேனே! நாங்க போகும்போது எழுந்து நின்னு கும்பிடுறார். எப்படி இருக்கீங்கன்னா, நல்லா இருக்கேங்கிறார். ஒரு நாள் விடாம ஷீட்ல ஏறியிருக்கு."

ஆமினா கேஸ் ஷீட்டை மூடிவைத்தார்.

"நாளைக்கு ரவுண்ட்ஸுக்கு நீங்க போக வேண்டாம். என்கூட வாங்க."

"ஏதாவது தப்பா மேடம்?"

"கூட்டல் சரிதான் சார்."

மறுநாள் காலை, இஸ்ரவேலுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. ஆமினா அதைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். மூன்று டாக்டர்கள் திரைக்குள் ஒளிந்திருக்கிறோம். எனக்கு ஒரே கூச்சம்.

வார்டின் அந்தக் கோடியில் சத்தம் கேட்டது. சர்ஜரி பெரிய டாக்டர் முதல் கட்டிலுக்கு வந்துவிட்டார். இஸ்ரவேலுடையது கடைசிக் கட்டில்.

"ஏட்டி ஜெபமணி, வந்துட்டாவ. தூக்கிவிடு."

"படுங்கப்பா. அவிய வர இன்னும் நேரம் கிடக்கு."

"எனக்கும் நேரம் வேணும்லா."

திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தோம். மகள் அவரை உட்கார வைத்தாள். உட்கார்ந்ததுக்கே மூச்சு இரைத்தது. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு காலைக் கையால் தூக்கிக் கீழே வைத்தார். பிறகு அடுத்த காலை. கட்டில் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தார். முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். மறுபடி எழப் பார்த்தார். கைகள் கிடுகிடுவென்று ஆடின. நெற்றி முழுக்க வேர்வை. மகள் தாங்க வந்தபோது தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

பெரிய டாக்டர் நான்கு கட்டில் தள்ளி வரும்போது இஸ்ரவேல் நின்றுவிட்டார். கடவுளே, எப்படி நின்றார் அந்த மனிதர்! தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வேர்வையைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

"எப்படி இருக்கீங்க பெரியவரே?"

"நல்லா இருக்கேன் ஐயா."

"வெரி குட்."

ஷீட்டில் எழுதினார்கள், போய்விட்டார்கள்.

இஸ்ரவேல் உட்காரவில்லை, விழுந்தார். மகள் தலையைப் பிடித்துத் தலையணையில் வைத்தாள். கஞ்சியை வாயருகே கொண்டுபோனாள். அவரால் வாயைத் திறக்க முடியவில்லை.

"இனி சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான் கிடப்பீய. சொன்னா கேட்டாத்தானே?" என்று அழுதாள்.

குற்றாலிங்கம் சாரின் கை என் கையைப் பிடித்துக்கொண்டது.

ஆமினா திரையை விலக்கினார். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் இஸ்ரவேலின் கை மறுபடி கம்பியைத் தேடியது. ஆமினா சட்டென்று கீழே, தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகம் இப்போது கட்டில் மட்டத்துக்குக் கீழே இருந்தது. குற்றாலிங்கம் சாரும் நானும் உட்கார்ந்தோம்.

"ஐயா, மறைஞ்சிருந்து பார்த்துட்டோம். மன்னிச்சிடுங்க. எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு எழுந்திரிக்கிறீங்க?"

அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"என் உசிரை அவிய கையில குடுக்கப் போறேன் தாயி. படுத்துக்கிட்டே குடுத்தா நல்லாவா இருக்கும்?"



அன்றே ஆமினா பெரிய டாக்டரிடம் பேசினார். ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது. நல்ல சாப்பாடு, ரத்தம் ஊற மருந்து, பிசியோகாரர் கையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடை. ரவுண்ட்ஸ் வரும்போது அவரை எழுந்திருக்க விடவே கூடாது என்று ஜெபமணியிடம் சத்தியம் வாங்கினார். உடம்பு தேறினால் ஆபரேஷன். தேறாவிட்டால் அவரிடமே கேட்டு முடிவு.

திரும்பி வரும்போது குற்றாலிங்கம் சார் மாடிப்படியில் நின்றுவிட்டார்.

"மேடம், அவர் எழுந்து நின்னது நிஜம்தானே?"

"நிஜம்தான்."

"நாங்க எழுதினதும் நிஜம்தானே?"

"நிஜம்தான் சார்."

"அப்ப எங்கதான் தப்புப் பண்ணினேன்?"

ஆமினா இரண்டு படி இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"அவர் நமக்குக் குடுத்ததை எல்லாம், அவர்கிட்ட இருக்கிற தெம்புன்னு எழுதிட்டோம்."