மழையைக் கட்டிய உப்புப் பானை

மலைக்குக் கிழக்கே, கடலுக்கு மேற்கே, இரண்டுக்கும் நடுவில் கீழைப்புஞ்சை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரிலே வெயிலுகந்தாள் என்று ஓர் உப்புக்காரி இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு கழுதை, ஓர் ஓலைக்குடிசை, வாயில் துணி கட்டிய நாலு உப்புப் பானை, நாச்சி என்று ஒரே மகள். கடலோரத்து உப்பளத்தில் உப்பை ஏற்றிக்கொண்டு வருவாள், கீழைப்புஞ்சையில் வீடு வீடாக விற்பாள், மீந்ததை மலையடிவாரத்து ஊர்களுக்குக் கொண்டுபோவாள். அளந்து போடும்போது ஒரு பிடி கூடுதலாகப் போடுவாள், அதைச் சொல்லிக் காட்டமாட்டாள்.

அந்த வருஷம் நாச்சி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நிறைமாசம். கால் இரண்டும் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கே வருவாள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

அந்த வருஷம் மழையில்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, ஐப்பசியும் போயிற்று. மழை இல்லாவிட்டாலும் மலையிலிருந்து வாய்க்கால் ஒன்று வரும், அதை வைத்து ஊர் பிழைத்துக்கொள்ளும். அந்த வருஷம் வாய்க்காலும் வறண்டுவிட்டது. சரி, ஏன் வறண்டது என்று ஒருவர் போய்ப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கமாட்டார்கள். வாய்க்கால் தொடங்குகிற இடமான தலைவாய்க்காலைக் காப்பது நாட்டாமை வீட்டுப் பொறுப்பு. அவர் ஆட்களைத் தவிர வேறொருவர் அங்கே போய் எட்டிப் பார்த்தால், நாட்டாமையை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். நாலு தலைமுறையாக அந்த ஊரில் அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதைக்குப் பயந்து ஊரே நாக்கு வறண்டு கிடந்தது.

நாட்டாமையின் பெயர் வடமலையார். ஒருநாள் அவர் கோயில் முன்னால் நின்று, பொதுவாகச் சொல்லுவதுபோல ஒரு பேச்சைப் போட்டார்.

"மேகம் வருதா இல்லையா? வருது. வந்து நிக்குது. அப்புறம் எங்க போகுது? யாரோ கட்டிவெச்சிருக்காங்க. மழை பெஞ்சா யாருக்கு நஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க, எனக்கென்னத்துக்கு வம்பு."

அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு பேராவது எதிர்த்துக் கேட்டிருப்பார்கள். ஊரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். மற்றவன் சொன்னதை மனிதன் மறந்துவிடுவான், தானே கண்டுபிடித்ததைச் சாகும்வரை விடமாட்டான். வடமலையார் கெட்டிக்காரர்.

கிணற்றடியில் குருவம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். வெயிலுகந்தாளுக்கு அடுத்த குடிசைக்காரி அவள்.

"மழை பெஞ்சா உப்பு கரையும். அப்ப உப்புக்காரிக்குத்தானே நஷ்டம்?" என்றாள் குருவம்மாள்.

"ஆமாண்டி! ஊரெல்லாம் வானத்தைப் பார்க்குது, அவ மட்டும் உப்பைத் தெருவிலே பாயிலே காயப்போடுறா. மழை வராதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் இன்னொருத்தி.

"பானை வாயை எந்நேரமும் துணியாலே இறுக்கிக் கட்டியிருக்காளே, உப்பு என்ன பறந்தா போயிடும்?" என்றாள் மூன்றாமவள்.

குருவம்மாள் குடத்தை இடுப்பிலே வைத்துக்கொண்டு முடித்தாள். "எல்லாம் போகட்டும், அவ பேரே வெயிலுகந்தாள்!"

இத்தனைக்கும் குருவம்மாள் பொல்லாதவள் இல்லை. அவளுக்கு மூன்று வயல் காய்ந்துபோயிருந்தது. காரணமே இல்லாமல் கெட்டுப்போனோம் என்று இருப்பதைவிட, ஒருத்தி கெடுத்தாள் என்று இருப்பது மனத்துக்குச் சுலபமாக இருந்தது.

இதெல்லாம் நடந்தபோது வெயிலுகந்தாள் மலையடிவாரத்தில் இருந்தாள். திரும்பும் வழியில் கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைத் தேடிக்கொண்டு போனவள் தலைவாய்க்காலில் போய் நின்றாள். அங்கே பார்த்தால், மரத்தை வெட்டிப் போட்டு, கல்லை அடுக்கி, களிமண் பூசி, வாய்க்காலை மறித்து அணை கட்டியிருந்தது. அணைக்குப் பின்னால் கழுத்தளவு தண்ணீர். பக்கவாட்டில் புதிதாக வெட்டிய ஓடை. அது போய்ச் சேருகிற இடத்தில் பச்சைப்பசேலென்று ஒரு வெற்றிலைக் கொடிக்கால். அதில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நாட்டாமையின் பண்ணையாட்கள்.

கழுதை அந்தத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துக்கொண்டிருந்தது.

வெயிலுகந்தாள் ஊருக்கு ஓடிவந்தாள். வந்தால், கோயில் முன்னால் ஊர் கூடி அவளுக்காகவே காத்திருந்தது.

"ஏ வெயிலு, மழையை ஏன் கட்டினே?" என்றார்கள்.

"நான் எதையும் கட்டலை. நாட்டாமைதான் வாய்க்காலைக் கட்டியிருக்கார். என் கண்ணாலே பார்த்துட்டு வரேன். வாங்க, காட்டுறேன்" என்றாள்.

கூட்டம் சிரித்தது. நாட்டாமையா? கல்யாணத்துக்கு நெல் கொடுத்தவர், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர், அவரா? அதை நம்பினால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அவர் வயலில் எப்படி இறங்குவது? உப்புக்காரி மழையைக் கட்டினாள் என்று நம்பினால் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை.

ஆனாலும் ஒருவன் கேட்டுவிட்டான். "நாட்டாமை, அவ பார்த்தேன்னு சொல்றா. நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

வடமலையாருக்கு வியர்த்தது. வேறு வழியில்லை, வாயைத் திறந்தார். "பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை கருமேகம் ஒண்ணு அவ குடிசைமேலே இறங்கி, பானைக்குள்ளே போச்சு. இந்த ரெண்டு கண்ணாலே பார்த்தேன்."

அதோடு முடிந்தது. மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும், போகாவிட்டால் துடைப்பத்தால் அடித்து விரட்டுவோம் என்று தீர்ப்பாயிற்று.

அந்த ஊரில் அம்பலவாணர் என்று படித்த வாத்தியார் ஒருவர் உண்டு. வெயிலுகந்தாள் அவரிடம் போய் நின்றாள். "வாத்தியாரய்யா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

வாத்தியார் ஏட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சிரித்தார். "மழையைப் பானையிலே கட்டுறதாவது! மூடத்தனம். நாட்டாமை வாய்க்காலைக் கட்டினார்ங்கிறதும் அதே ரகம்தான். ஊர்ப்பேச்சு எதையும் நான் நம்புறதில்லேம்மா."

"நம்ப வேண்டாம் ஐயா, வந்து பாருங்க. அரைநாள் நடைதான்."

"எல்லாப் புரளிக்கும் எழுந்து நடந்தா, நான் படிக்கிறது எப்போ?" என்று ஏட்டைப் புரட்டினார்.

குடிசைக்கு வந்தால், நாச்சி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். "அம்மா, என்னாலே வாசலைத் தாண்ட முடியலை. வழியிலே வலி வந்துட்டா?"

வெயிலுகந்தாள் மகளின் வீங்கிய காலை மடியில் எடுத்து வைத்துத் தடவிக்கொடுத்தாள். அந்த நேரத்தில் குருவம்மாள் ஒரு சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கொள்ளு ரசம். சூடா இருக்கு, புள்ளைக்குக் கொடு."

"மழையைக் கட்டினவ மகளுக்கா ரசம் கொண்டாந்தே?" என்றாள் வெயிலுகந்தாள்.

"கட்டினவ நீ. புள்ளைத்தாச்சி என்ன பண்ணுவா?" என்ற குருவம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், அவுத்து விட்டுடுக்கா. நீ எங்கே வரச் சொன்னாலும் வரேன், என்ன சுமக்கச் சொன்னாலும் சுமக்கிறேன்."

வெயிலுகந்தாள் அவளையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டபோது ஓர் அடி எடுத்து வைக்காத ஊர், பொய்க்காக எங்கே வேண்டுமானாலும் வரத் தயாராக இருக்கிறது. அப்படியானால் பொய்யைப் பிடித்துக்கொண்டே போகவேண்டியதுதான் என்று தோன்றியது. அந்த ரசத்தில் அவளும் ஒரு வாய் குடித்தாள்.

மறுநாள் காலையில் உப்புப் பானை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கோயில் முன்னால் போய் நின்றாள்.

"ஒத்துக்கிறேன். மழையைக் கட்டினது நான்தான். இந்தப் பானையிலேதான் இருக்கு" என்றாள்.

ஊர் 'ஓ' என்று கத்தியது. வடமலையாருக்கு மட்டும் வாய் பிளந்துவிட்டது. தான் கட்டிவிட்ட கதையை ஒருத்தி ஒப்புக்கொண்டால் என்ன செய்வது என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

"அவுத்து விடுறேன். ஆனா மூணு நிபந்தனை இருக்கு. வாய்க்கால் எங்கே தொடங்குதோ அங்கேதான் அவுக்கணும். ஊரே வரணும், வாய்க்காலுக்குள்ளேயே நடந்து வரணும், கட்டுண்ட மழைக்கு வழி மறந்திருக்கும், நம்ம கால்தடம்தான் காட்டணும். மூணாவது, மேகம் பானைக்குள்ளே போறதை யார் கண்ணு பார்த்துச்சோ, அவர் தலைதான் பானையைச் சுமக்கணும்."

எல்லாரும் நாட்டாமையைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றார் வடமலையார்.

"நீங்கதானே பார்த்தீங்க?" என்றது ஊர்.

மாட்டேன் என்றால் பார்க்கவில்லை என்று ஆகும். பானை தலையில் ஏறியது. வறண்ட வாய்க்காலுக்குள் நாட்டாமை முன்னால் நடக்க, வெயிலுகந்தாள் பக்கத்தில் நடக்க, இருநூறு பேர் பின்னால் நடந்தார்கள். வாத்தியாரும் வந்தார். நம்பி வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தார்.

ஆலமரம் வந்தது. வடமலையார் நின்றார். "கழுத்து ஒடியுது. இங்கேயே அவுத்துட்டா என்ன?"

"அவுக்கலாமே. மழை இந்த ஆலமரத்துக்கு மட்டும் பெய்யும், சம்மதமா?" என்றாள் வெயிலுகந்தாள்.

"நடங்க நாட்டாமை!" என்றது ஊர்.

கல்மேடு வந்தது. வடமலையார் நின்றார். "மேலே கரடி இருக்கு. மனுஷனைக் கண்டா விடாது."

"நாம இருநூறு பேரு, அது ஒத்தைக் கரடி. அதுதான் பாவம், நடங்க!" என்றாள் குருவம்மாள்.

இன்னும் ஒரு திருப்பம்தான் பாக்கி. கொடிக்காலின் பச்சை வாசனைகூட மூக்கில் படத் தொடங்கிவிட்டது. வடமலையார் பானையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, போதும்! பானையிலே மழையும் இல்லை, மண்ணும் இல்லை. மேகத்தை நான் பார்க்கவே இல்லை. பொய் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் போங்க!"

அதுதான் அவர் சொன்ன முதல் உண்மை. ஊர் நம்பியதா? நம்பவில்லை.

"பார்த்தீங்களா! பானை ஏறினதும் புத்தி கலங்கிப் போச்சு. மழையோட கனம் அப்படி! இன்னும் கொஞ்சம்தான், தூக்குங்கப்பா நாட்டாமையை!" என்று குருவம்மாள் கத்தினாள். நாலு பேர் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பானை விழாமல் பிடித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு திருப்பத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அணை நின்றது. தண்ணீர் நின்றது. ஊரும் நின்றது.

கொடிக்காலுக்குள்ளிருந்து பண்ணையாள் ஒருவன் மண்வெட்டியோடு ஓடிவந்தான். கூட்டத்தை அவன் என்னவென்று நினைத்தானோ, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "ஐயா, நீங்களே வந்துட்டீங்களா? சொன்னபடி ஒரு சொட்டுகூடக் கீழே விடலீங்க!"

அதற்கப்புறம் யாரும் யாரையும் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. வெயிலுகந்தாள் நாட்டாமை தலையிலிருந்து பானையை இறக்கி, துணியை அவிழ்த்து, எல்லாரும் பார்க்கும்படி சாய்த்துக் காட்டினாள். உப்பு. வெறும் உப்பு.

"நேத்து நிசத்தைச் சொல்லிக் கூப்பிட்டேன், ஒருத்தரும் வரலை. இன்னைக்குப் பொய்யைச் சொன்னேன், ஊரே வந்துட்டீங்க. இனிமே உங்க கண்ணாச்சு, அந்தக் கட்டாச்சு" என்றாள்.

இருநூறு பேரும் அணையில் இறங்கினார்கள். மரத்தை இழுத்தார்கள், கல்லைப் புரட்டினார்கள், மண்ணை வெட்டினார்கள். வெட்டிய மண்ணை எல்லாம் தலையில் சுமந்து கரையில் கொட்டும் வேலை வடமலையாருக்குக் கிடைத்தது. தலைதான் சுமந்து பழகிவிட்டதே. வாய்க்கால் ஊரைப் பார்த்து ஓடியது.

வாத்தியார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சேற்றில் நின்றார். "நான் ஒருத்தன்தான் ஏமாறலைன்னு நினைச்சுட்டிருந்தேன், அம்மா" என்றார்.

"நீங்க எதையும் நம்பலை ஐயா, சரிதான். ஆனா நம்பாததும் உக்காந்த இடத்திலிருந்துதானே? நம்பின இவங்களாவது முதல்லே நடந்தாங்க" என்றாள் அவள். வாத்தியார் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினார்.

அன்றைக்கே ஊர் கூடி இரண்டு ஏற்பாடு செய்தது. வடமலையார் நிலத்துக்கு எல்லாருக்கும் முதலில் தண்ணீர் பாயும் வழக்கம் இருந்தது. இனி எல்லார் வயலும் பாய்ந்து முடிந்த பிறகு, மிச்சம் இருந்தால் அவருக்கு. கொடிக்கால் அந்த மாசத்திலேயே கருகியது. இரண்டாவது, தலைவாய்க்காலை இனி ஒரே வீடு காக்க வேண்டாம், வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். யார்மீதும் நம்பிக்கை இல்லாமல் அல்ல, பார்த்துவிட்டு வந்தால் நல்லது என்பதற்காக. முதல் முறைக்கு வாத்தியார் போனார்.

நாச்சிக்கு அந்த வெள்ளிக்கிழமை அதே குடிசையில் பெண்குழந்தை பிறந்தது. மருத்துவம் பார்த்தது குருவம்மாள். குழந்தையைக் கழுவித் துணியில் சுற்றி வெயிலுகந்தாள் கையில் கொடுத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு காதோரம் குனிந்தாள்.

"எனக்கு மட்டும் சொல்லுக்கா. யார்கிட்டேயும் சொல்லமாட்டேன். அந்தப் பானையிலே மழையை எப்படி அடைச்சே?"

வெயிலுகந்தாள் பானைக்குள் கைவிட்டு ஒரு கல் உப்பை எடுத்து அவள் நாக்கில் வைத்தாள். "என்ன?"

"கரிக்குது."

"அதுதான்."

குருவம்மாள் கொஞ்சநேரம் சப்பிக்கொண்டே யோசித்தாள். "அப்போ மழை கரிக்குமா அக்கா?" என்றாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலுகந்தாள் சிரித்த சிரிப்பில் நாச்சியும் விழித்துக்கொண்டாள்.

கதை இவ்வளவுதான். காதில் விழுவதை நம்புவதும் எளிது, தள்ளுவதும் எளிது. இரண்டுக்கும் உட்கார்ந்திருந்தால் போதும். எழுந்து போய்ப் பார்ப்பவர் ஊருக்கு ஒருவர் இருந்தாலே வாய்க்கால் ஓடும். கேட்ட காதுக்கெல்லாம் உறக்கம் வரட்டும், சொன்ன வாய்க்கு ஒரு செம்புத் தண்ணீர் வரட்டும்.