குளத்தில் ஊற்றிய கறுப்பு ஆயில்

ஆனைப்பாறைக் காட்டுக் குளத்தின் கரையில் மொக்கையன் என்றொரு கரடி வாழைத் தோட்டம் போட்டிருந்தது. தண்ணீர் இறைக்க அதனிடம் ஓர் எஞ்சின் இருந்தது. அந்த எஞ்சினை மொக்கையன் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும். ஆயில் கறுத்துவிட்டால் உடனே மாற்றிவிடும்.

ஆனால் வடித்தெடுத்த பழைய ஆயிலை என்ன செய்வது என்பதில்தான் அதற்குச் சோம்பல். மேட்டுக்கு அந்தப் பக்கம் முள்ளம்பன்றி ஒரு மெக்கானிக் பட்டறை வைத்திருந்தது. யார் கொண்டுபோனாலும் பழைய ஆயிலை வாங்கி டிரம்மில் சேர்த்து, சுத்தம் செய்யும் இடத்துக்கு அனுப்பிவிடும். இது மொக்கையனுக்கும் தெரியும். ஒரு மேடு ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் ஐயாவுக்கு உடம்பு வணங்கவில்லை. பெரிய டின் இரண்டு நிறைந்து மூலையில் கிடந்தன.

மழை விட்டதும் கொசு பிடுங்கி எடுத்தது. கரடிக்கு உடம்பெல்லாம் முடி. கடிக்க வசதியான இடம் மூக்கு ஒன்றுதான். எல்லாக் கொசுக்களும் அங்கேயே வந்து உட்கார்ந்தன.

ஊருக்குள் மனிதர்கள் தேங்கிய தண்ணீரில் பழைய ஆயிலை ஊற்றிக் கொசுப்புழுவைக் கொல்வதை மொக்கையன் பார்த்திருக்கிறது. கொசுவும் ஒழியும், டின்னும் காலியாகும் என்று அதற்கு ஒரே சந்தோஷம். ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு வந்தது.

கோரைப் புல்லுக்கு நடுவே பூவாத்தாள் என்ற முக்குளிப்பான் பறவை தண்ணீரில் மிதக்கும் கூடு கட்டி, நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் கட்டிய இரண்டு கூடுகளையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இந்த வருஷத்துக்கு மிச்சம் இந்த நான்கு முட்டைகள்தான்.

"அண்ணே, அது என்ன?" என்று கேட்டது பூவாத்தாள்.

"கொசு மருந்து, தங்கச்சி. உன் குஞ்சுங்க கடி படாம வளரும்ல!"

"தண்ணிக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"இத்தாம் பெரிய குளத்துக்கு இந்த ஒரு டின்னு எந்த மூலைக்கு?"

அதே குளத்தில் வாழ்ந்த நீர்நாய் ஓடிவந்து, பட்டறையில் கொடுத்துவிடலாமே என்று கெஞ்சிப் பார்த்தது. மொக்கையன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டின்னைக் கவிழ்த்துவிட்டுப் போனது.

இரண்டு நாள் கொசு இல்லை. காடே கரடியைப் புகழ்ந்தது. மூன்றாம் நாள் சிறு மீன்கள் வயிறு தெரிய மிதந்தன.

முக்குளிப்பானுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரை தேடப் போகும்போது, காக்கை கண்ணில் படாமலிருக்க, ஈரப் பாசியை அள்ளி முட்டைகளை மூடிவிட்டுப் போகும். பூவாத்தாளும் தினமும் அப்படித்தான் மூடியது. அந்தப் பாசி முழுக்க ஆயில். அதன் நெஞ்சு இறகிலும் ஆயில். முட்டை ஓட்டிலுள்ள நுண்ணிய துளைகள் வழியாகத்தான் உள்ளே இருக்கும் குஞ்சு மூச்சு விடும். அந்தத் துளைகளைத் தாயே, தெரியாமல், அடைத்துக்கொண்டிருந்தது.

ஆயில் கரையோரம் ஒதுங்கிவிட, கொசுப்புழுவைத் தின்னும் மீன்களும் செத்துப்போனதால், பத்தே நாளில் கொசு முன்னைவிட அதிகமாக வந்தது. அப்போதுதான் மொக்கையனுக்கு உறைத்தது. குளத்துக்கு ஓடிவந்து பார்த்தது.

குஞ்சு பொரிக்க வேண்டிய நாள் தாண்டிப் போயிருந்தது. நனைந்து ஒட்டிய இறகோடு, நடுங்கிக்கொண்டு, பூவாத்தாள் இன்னும் முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கச் சொல்லி நீர்நாய் எத்தனையோ முறை சொல்லியும் கேட்கவில்லையாம்.

"தங்கச்சி, நான் வேணும்னு செய்யலையே," என்றது மொக்கையன்.

"தெரியும் அண்ணே. முட்டைக்குத்தான் அது தெரியல."

மொக்கையன் திரும்பி நடந்தது. வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த டின்னை இறுக மூடித் தலையில் வைத்துக்கொண்டு மேடு ஏறியது. பட்டறைக்குப் போய்வர அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பழைய ஆயிலைக் கண்ட இடத்தில் கொட்டாமல், மூடி வைத்து, அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் எஞ்சின் வைத்திருப்பவரின் கடமைதான். அந்தச் சிறு சிரமத்துக்குச் சோம்பினால், ஒரு பாவமும் அறியாத இன்னொருவர் தம் பிள்ளைகளை இழக்க நேரும்.